விழாத பனிச்சரிவு

காகசஸ் மலையில் எங்கள் பணிமனைக்கு
ஓர் அடுப்பு, ஏழு பனிவாரி வண்டிகள்,
சாவிகள் தொங்கும் பலகை ஒன்று.
வானொலிக் கருவிக்குப் பக்கத்தில் நான்.
பதினோரு குளிர்காலமாக
மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் வேலை.

பழைய தலைவர் ஒதார் இருந்தவரை
காதில் விழுந்தது ஒரே சொல்: சரி.
பிரேக் சரி. சங்கிலி சரி. விளக்கு சரி.
அவர் குரல் உயர்ந்தால்
அடுப்புத் தீயே கொஞ்சம் குனிந்துகொள்ளும்.
அந்தச் சரிகளில் ஒன்றுதான்
நுக்ஸாரின் வண்டியைத்
தடுப்புச்சுவருக்கு அப்பால் கொண்டுபோனது.
ஆள் பிழைத்தான். இடதுகால் பிழைக்கவில்லை.

லமாரா நவம்பரில் வந்தாள்.
பனிவாரி ஓட்டத் தெரியாது.
அதை முதல் நாளே சொன்னாள்,
ஊர்ப்பெயரைச் சொல்வதுபோல.
சிரித்தோம்.
அவள் வெளியே போனதும் இன்னும் நன்றாகச் சிரித்தோம்.

பிறகு வண்டிக்கு ஓர் இரவென்று
பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்,
மடியில் நோட்டு, வாயில் சூரியகாந்தி விதை.
என்ன எழுதுகிறாள் என்று பத்ரி எட்டிப் பார்த்திருக்கிறான்:
"ஆறாவது வளைவு. இங்கே இவன் மூச்சு விடுவதில்லை."

பிப்ரவரி. தெற்குக் காற்று. பனிமேல் தூறல்.
பத்ரி சாவியை எடுக்கவில்லை,
அடுப்பைப் பார்த்தபடி நின்றான்.
பயமா என்று ஒதார் கேட்டிருப்பார்,
எல்லோர் காதிலும் விழும்படி.
இவள் கேட்டது:
"எந்த இடம்?"
"ஆறாவது வளைவுக்கு மேலே. முனகுகிறது."
"உன் காதால் கேட்டாயா?"
"இல்லை. ஆனால் முனகுகிறது."

சாலையை மூடினாள்.

கீழே நூற்று நாற்பது லாரிகள்,
வடக்கே போகவேண்டிய மந்தரின் பழங்களோடு.
திபிலீசியிலிருந்து தொலைபேசி வந்தது;
பிடித்திருந்த என் கைக்கே சூடு ஏறியது.
யார் சொல்லி மூடினீர்கள்?
பத்ரி இருந்த பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.
"நான். லமாரா ஜன்ஜ்கவா.
எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா?"

அன்றிலிருந்து என் வாயில் 'அவள்' போய் 'அவர்' வந்தது.

பனிச்சரிவு விழவில்லை.
அன்றிரவும் இல்லை, மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் வெயில் அடித்தது,
மலை, பால் குடித்த பூனையாக உட்கார்ந்திருந்தது.
லாரிக்காரர்கள் ஹாரனை விடவே இல்லை.
ஒருவன் அழுகிய மந்தரினை எங்கள் ஜன்னலில் எறிந்தான்.
அரை மாதச் சம்பளம் பிடித்துவிட்டார்கள் அவருக்கு.

மூடியது சரியா தவறா, நான் சொல்ல மாட்டேன்.
பழம் அழுகியது உண்மை.
ஒருவர் வீட்டில் அந்த மாதம் காசு குறைந்ததும் உண்மை.

பத்ரி தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு போய் நின்றான்.
"நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்."
அவர் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
"நாளைக்கும் தெற்குக் காற்றாம்," என்றார்.
"எந்த இடம்?"

மார்ச்சில் வானொலிக்கு வாய் முளைத்தது.
"மூன்றாம் வண்டி. பிரேக் பாதிதான் பிடிக்கிறது."
"ஐந்து. தூக்கம் வருகிறது, திரும்புகிறேன்."
"இரண்டு. மகளுக்குக் காய்ச்சல்,
கை இங்கே இருக்கிறது, மனம் இல்லை."
ஒரு பதிவேடு தீர்ந்து இன்னொன்று வாங்கினோம்.
வேலை சில இரவுகளில் தாமதமானது. மறைப்பானேன்.

ஒரு விடியற்காலை, அவர் நாலாம் வண்டியில் மேலே இருந்தார்.
பதினோரு குளிர்காலத்தில் முதல்முறையாக
எனக்காக அந்தப் பொத்தானை அழுத்தினேன்.
"பணிமனை பேசுகிறேன். ஆறு மாதமாக
எனக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை.
நீங்கள் சொல்வதில் பாதியை
ஊகித்துத்தான் எழுதுகிறேன்."

கொஞ்ச நேரம் இரைச்சல்.
யாரோ விதையின் தோலைத் துப்பும் சத்தம்.

"எந்தக் காது?"