நீங்கள் எப்படியோ

முதல் வாரம் வணக்கங்களைக் கணக்கெடுத்தேன்.
என் அறையிலிருந்து மருந்தகம் நானூறு அடி.
வழியில் பதினோரு பேர்.
ஒவ்வொருவரும் நிறுத்திக் கேட்டார்கள்:
எப்படி விழித்தீர்கள்?
நன்றாக விழித்தேன், நீங்கள் எப்படியோ.
நானும் நன்றாகவே விழித்தேன்.
நன்றி. நன்றி.
இதில் ஒரு சொல் குறைந்தாலும்
வழி திறக்காது.
மொத்தம் இருபத்தாறு நிமிடம்.

வேளச்சேரிக் கிடங்கொன்றில்
தயிர் பாக்கெட் அலமாரியிலிருந்து பைக்குள் விழ
எத்தனை நொடி என்று
அளந்து சம்பளம் வாங்கியவள் நான்.
பத்து நிமிடத்தில் வீட்டு வாசல்.
பதினொன்று ஆனால் எனக்கு ஃபோன் வரும்.
அந்தத் திறமையைத்தான்
ஓராண்டு இலவசமாகத் தருகிறேன் என்று
மலாவியின் இந்த ஏரிக்கரைக்கு
விண்ணப்பம் போட்டிருந்தேன்.

மருந்துப் பெட்டிகள் கப்பலில் வரும்.
கப்பல் புதன்கிழமை வரும்.
புதன் என்பது,
மருந்தக எழுத்தர் மசாவுக்கோ சொன்னான்,
ம்வேரா காற்று அடங்கிய பிறகு வரும் நாள்.
அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.
நான் சுவரில் ஒட்டிய அட்டவணையை
தினமும் மரியாதையாகப் படித்தான்.
நான்கு நிறப் பேனாக்கள் அவனுக்குப் பிடித்திருந்தன.

இரண்டாம் மாதம் கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியாத கோபம்.
உசிபா மீன் பரண்களில் காய்ந்தது.
கப்பலுக்குக் காத்திருந்த பெண்கள்
ஒருவர் தலையை ஒருவர் பின்னி முடித்து
அவிழ்த்து வேறு மாதிரி பின்னினார்கள்.
நான் மட்டும் மணிக்கட்டைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
அரிப்பு வந்தவளைப் போல.

மெதுவாக வாழ்வது அழகு என்று
சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சொல்லட்டும்.
அமாக்சிசிலின் தீர்ந்த ஒன்பது நாட்கள்
காலி அலமாரிக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.
இருமும் குழந்தையின் தாயிடம்
புதன்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.
அதில் ஒரு அழகும் இல்லை.
மசாவுக்கோவும் அப்படிச் சொன்னதில்லை.
அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு
அடுத்த நிலையத்தில் கடன் கேட்கப் போனான்,
வழி நெடுக
எப்படி விழித்தீர்கள் என்று விசாரித்தபடி.

பிறகு ஆகஸ்டில் ஓர் இரவு
எலூபேக்கு ஏழாம் மாதத்தில் ரத்தம்.
நிற்கவில்லை.
படகு வேண்டும்.
அன்றுதான் பார்த்தேன்
இந்த ஊர் ஓடுவதை.
யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.
செவிலி டியாமிகே
ஒரு கையில் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து
மறு கையால் காட்டிய இடமெல்லாம் ஆள் நின்றது.
டீசல் ஒரு வீட்டிலிருந்து,
கயிறு இன்னொரு வீட்டிலிருந்து.
யாரிடம் எது இருக்கிறது,
யார் விழித்திருப்பார்,
யார் முதுகு பாரம் தாங்காது,
கேட்காமலே தெரிந்திருந்தது அவர்களுக்கு.
தினமும் காலையில்
நின்று நின்று கேட்டவர்கள்.
நான்தான் இருட்டில்
டார்ச் எந்தக் கொக்கியில் என்று
சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன்.
அந்தக் கொக்கிக்கு எண் போட்டதே நான்.

மறுநாள் மதியம் செய்தி வந்தது.
எலூபே பிழைத்தாள்.
குழந்தை இல்லை.
மூன்று நாள் மருந்தகம் பாதிதான் திறந்தது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
பெண்களோடு வெறும் மண்ணில்
கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.
எழ முயன்றபோது யாரோ கை கொடுத்தார்கள்.

கப்பல் இப்போதும் தாமதம்தான்.
கையிருப்பை மூன்று வாரத்துக்கு உயர்த்தினோம்,
காற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு,
பாதி மசாவுக்கோவின் யோசனை.
பச்சைப் பேனா தீர்ந்துவிட்டது.
மூன்று நிறம் போதுமாக இருக்கிறது.

நேற்று கிடங்கிலிருந்து சபரிநாதன் கூப்பிட்டார்.
எப்படி இருக்கீங்க என்றவர்
பதிலுக்கு நிற்காமல்
இப்ப எட்டு நிமிஷம் ஆக்கிட்டோம், எப்ப திரும்புறீங்க என்றார்.
நன்றாக விழித்தேன், என்றேன்.
நீங்கள் எப்படியோ.
அந்தப் பக்கம்
யாரோ பெட்டி இறக்கும் சத்தம்.
ஒரு ஸ்கேனர் இரண்டு முறை கூவியது.
பிறகு, லைன் போய்விட்டதோ என்று நான் நினைத்தபோது,
சரியா தூங்கறதில்லைங்க, என்றார்.

சொல்லுங்க, என்றேன்.
கப்பல் இன்றைக்கு வரப்போவதில்லை.