பதினேழாவது சொல்

மூன்றாம் படிவம், மேற்குப் பிரிவு.
கரும்பலகையின் வலது ஓரத்தில் கோடு கிழித்து
அதற்கு அந்தப்புறம் எழுதியதை
யாரும் அழிக்கக்கூடாது என்றேன்.
தலைமையாசிரியை கேட்டது அதுதான்:
"விடைத்தாளில் தெருவைக் கொண்டுவருகிறார்கள், பராசா.
நிறுத்துங்கள்."

முதல் வாரம் நான்கு சொற்கள்.
அம்மாவுக்கு மதீ கூடாது.
காசுக்குச் சப்பா கூடாது.
மற்ற இரண்டையும் எழுதும்போது
எனக்கே காது சுட்டது.

இரண்டாம் வாரம் ஒன்பது.
தடுத்த சொல்லைப் பிள்ளைகள் சீண்டவே இல்லை.
வெள்ளிக்கிழமை நான் எழுதிவிட்டுப் போனால்
திங்கட்கிழமை அந்த இடத்தில் வேறொன்று,
நக்குரு நிலையத்தில் இரவோடிரவாகப்
பெயிண்ட் மாற்றிக்கொண்ட மட்டாட்டு வண்டிபோல:
அதே இருக்கை, அதே ஓட்டை, புது முகம்.
பக்கத்து வகுப்பிலிருந்து நோட்டோடு வந்து
என் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்,
எதெல்லாம் பழசாகிவிட்டது என்று தெரிந்துகொள்ள.

ஐந்தாம் வாரம் மின்சாரம் போனது.
ஏரிப்பக்கமிருந்து மழை, தகரக்கூரை, இருட்டு.
பின் பெஞ்சில் செலிமோ:
"போச்சு, கரண்ட் பராசா ஆயிடுச்சு."
வகுப்பு சிரிக்கவில்லை.
சிரிக்கும் அளவுக்கு
அது அவர்களுக்குப் புதிதாயிருக்கவில்லை.

விசாரித்தேன்.
போனில் சார்ஜ் தீர்ந்தால் பராசா.
காதலன் பேச்சை நிறுத்திக்கொண்டால் பராசா.
குழாயில் காற்று மட்டும் வந்தால் பராசா.
"எப்பவும் டஸ்டரும் கையுமா இருக்கீங்களே சார்,"
என்றாள் செலிமோ,
எழுந்து நின்று, கையைக் கட்டாமல்.

"அது என் அப்பாவின் பெயர்."
"தெரியும் சார்."
"அவருடைய அப்பாவின் பெயரும்."
"மதீங்கறது எங்க அம்மா, சார்.
அவங்களையும்தான் அங்க எழுதி வச்சிருக்கீங்க."

சாக்கட்டியை எடுத்தேன்.
பதினாறுக்குக் கீழே பதினேழு என்று போட்டு
என் பெயரை நானே எழுதினேன்.
"இனி இந்தச் சொல்லைச் சொல்லமாட்டேன், நூறு முறை."
"எந்தச் சொல்லை சார்? வாக்கியத்துல வரணுமே."

மறுநாள் கொண்டுவந்தாள்.
நூறு வரி, நூறு நான்.
கையெழுத்து அழகு, அதைச் சொல்லவில்லை.
அறுபத்துமூன்றாம் வரியில் ஒரு எழுத்து விட்டிருந்தது.
சிவப்பு மையில் என்னைத் திருத்தினேன்.

அன்றிலிருந்து காலையில்
நாற்பத்தொரு பேரும் ஒன்றாக எழுந்து
"குட் மார்னிங், மிஸ்டர்"
என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.
விதியை மீறவில்லை ஒருத்தரும்.
அந்த இடைவெளியில்
வெளியே சோளம் சுடுகிறவளின் விசிறிச் சத்தம் கேட்கும்.
தலைமையாசிரியை ஒருநாள் வாசலில் நின்றாள்:
"உங்கள் பெயர் அவர்களுக்கு மறந்துவிட்டதா?"

நான் படித்த பள்ளியில் புகுசு பேசினால்
கழுத்தில் ஓட்டை போட்ட மரத்துண்டு.
சாயங்காலத்துக்குள் இன்னொருவனைப் பிடித்து
மாட்டிவிட வேண்டும்.
வெசோங்காவைப் பிடித்தேன்,
ஆட்டிடம் ஏதோ சொன்னான் என்று.
இது அப்படி இல்லை.
இங்கே யார் கழுத்திலும் ஒன்றும் இல்லை.
எல்லாம் பலகையில்தான்.

தவணை முடிந்த சனிக்கிழமை,
மட்டாட்டுவில் மூன்றாவது வரிசை.
முன்னால் ஒரு சீருடைப் பெண், வேறு பள்ளி.
நாற்பதுக்கு இருபத்தைந்துதான் வைத்திருந்தாள்.
நடத்துநர் சில்லறையை எண்ணினான்,
அவளைப் பார்த்தான், வெளியே பார்த்தான்.
"போ. மீதி பராசா."

அந்த அர்த்தம் என் விசாரணையில் வரவில்லை.
எந்த நிறுத்தத்தில் ஏறியதோ.

ஐம்பதை நீட்டினேன்.
நாற்பதை எடுத்துக்கொண்டு
பத்தைச் சரியாகத் திருப்பித் தந்தான்.
எனக்கு ஒன்றும் பராசா இல்லை.