கவிழ்த்துப் பார்த்தல்

நாற்காலியை முதலில்
கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும்.
முதுகின் வளைவில் மயங்குவது
வாங்க வருகிறவர்களின் வேலை.

ஜெலுத்தோங் கிடங்கில்
கொள்கலன் திறந்த காலை.
முப்பத்திரண்டு உருப்படி, டென்மார்க் சரக்கு.
ஆணி இல்லை, சாயம் இல்லை,
மூட்டு சேரும் இடத்தைக்கூட
மறைக்கத் தெரியாத மரம்.
பட்டியலில் ‘டீக்’ என்று போட்டிருக்கிறார்கள்.
சயாமில் வெட்டுண்டு
இதே நீரிணை வழியாக,
பினாங்கு விளக்கைப் பார்த்தபடி போயிருக்கும்.
தேக்கு என்ற சொல் அதற்கு முன்பே
வேறொரு கரையில் கப்பலேறிவிட்டது.
வாலிலிருந்த உகரம்
எந்தக் கடலில் விழுந்ததோ.

குளிர்காலத்தில் அங்கே
மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடுமாம்.
வெளிச்சம் நகர நகர
ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்ள
ஒற்றைக் கையால் தூக்கும் எடை.
இங்கே வாங்குகிறவர்கள்
திரையை இழுத்து மூடி
ஏர்கோனைப் பதினெட்டில் வைத்துவிட்டு
அதில் உட்காருகிறார்கள்.
சிலர் உட்காருவதே இல்லை.

பதினேழாவதைக் கவிழ்த்தேன்.
பட்டறை முத்திரைக்குப் பக்கத்தில்
பென்சிலில் ஒரு வீடு.
வீட்டைவிடப் பெரிய நாய்.
கீழே கோணலாக: இங்கர்.

அடியில் நுழைந்து
மல்லாந்து படுத்தால்தான் அப்படி வரைய முடியும்.
அன்று யாரும் அவளைத் தேடவில்லையா,
இல்லை, வீடே தேடிக்கொண்டிருந்ததா?

“தேய்ச்சு எடுத்துடு, மேகலை,
டாமான்சாரா ஆளு சுத்தமாக் கேட்கிறான்”
என்று போனபடியே சொன்னார் தௌக்கே.
அவர் தமிழ் எப்போதும் அவசரத்தில்தான் நன்றாக வரும்.

உப்புத்தாள், எண் இருநூற்று நாற்பது.
நாயின் இடது காது போனது.
தூள் மூக்கில் ஏறித் தும்மினேன்.
நிமிர்ந்தபோது
கை மறுபடி அங்கே போகவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
அடிச்சட்டத்தில் பழைய கறை, நீக்க இயலாது.
காகிதக் கயிற்றுப் பின்னல் நலம்,
நவம்பர் மழைக்குக் கொஞ்சம் தொய்யும்.

பிறகு நிமிர்த்தி வைத்தேன்.
மேலிருந்து பார்த்தால்
மற்ற முப்பத்தொன்றைப் போலத்தான்.

நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி.
ஒற்றைக் காது நாய்க்குத் தனியாக
எதுவும் போடவில்லை.