வரப்பு

மாவட்டச் சாலைத்துறையின் ஏழாம் எண் லாரி என்னுடையது.
முகப்பில் பூட்டிய பனிக்கலப்பை பன்னிரண்டு அடி.
நவம்பரில் தொடங்கினால் ஏப்ரல் வரை
சுப்பீரியர் ஏரி வானத்துக்கு ஏறிப்போய்
எங்கள் தெருக்களில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.
அதை உழுது ஓரங்கட்டுவது என் பிழைப்பு.

ரத்த அழுத்தம் ஏறியதற்கு
மாத்திரையோடு ஒரு யோசனையும் தந்தார்கள்:
தினமும் எழுது, நன்றி சொல்ல மூன்று விஷயம்.
டீசல் கம்பெனி இலவசமாய்க் கொடுத்த குறிப்பேட்டை
ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்து எழுதினேன்.

டிசம்பர் 2. ஹீட்டர். காபி.
மூன்றாவது இல்லை.

டிசம்பர் 3. ஹீட்டர். காபி.
நேற்றைய மூன்றாவதை யாரும் கேட்கவில்லை, அதற்கு நன்றி.

டிசம்பர் 11. பள்ளி பஸ் ஓட்டும் அர்வோ
எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.
பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை நசுக்கிச் சிரித்தார்கள்.
ஹீட்டர்.

எழுதாதது ஒன்று உண்டு.
மில் தெருக் கோடியில், பச்சை வீட்டு வாசலுக்கு நேரே
ஆறு குளிர்காலமாக
கொழுவை ஒரு விரற்கடை திருப்பிவிடுவேன்.
இடுப்புயரத்துக்கு வரப்பு எழும்பி நிற்கும்.
கார் வெளியே வராது. குற்றம் சொல்லவும் முடியாது,
பனி எங்கே விழுந்தாலும் பனிதானே.
அது என் அண்ணன் ரெய்னோ வீடு.
அவனுக்கு முதுகுவலி.
தெரிந்துதான் செய்தேன்.

அம்மா போனதை அவன்
மூன்று மணி நேரம் கழித்துச் சொன்னான்.
அவ்வளவுதான் கதை.
அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.
முன்பும் பெரிதாகப் பேசியவர்கள் அல்ல:
சௌனாவில் அடுத்தடுத்து உட்கார்ந்து
'கல்லில் தண்ணீர் ஊற்று' என்பதுதான்
எங்கள் குடும்பத்தில் நீண்ட உரையாடல்.

ஜனவரியில் ஓர் இரவு நன்றிக்கு எதுவும் அகப்படவில்லை.
சரி, கோபத்தையாவது எழுதுவோம் என்று பேனாவைத் திறந்தேன்.
வேலைப் பழக்கம், கை மணி போட்டே எழுதியது.

4.10 அம்மா.
4.10 நான், குன்றுச் சாலையில். முழு வெள்ளை. இடப்பக்கம் பள்ளம்.
5.25 பாலம். ஒருமுறை வழுக்கினேன்.
7.20 கொட்டகை. சாவியை ஆணியில் மாட்டினேன்.
7.30 போன்.

பேனா அங்கே நின்றுவிட்டது.
சாவி ஆணியில் ஆடி ஓயும்வரை
காத்திருந்து கூப்பிட்டவன் மாதிரி இருந்தது.
கொட்டகையில் விசாரித்திருப்பானோ?
தற்செயலோ?
நான் கேட்டதில்லை. அவன் சொன்னதில்லை.

நியாயம் என்று இன்றும் ஒப்ப மாட்டேன்.
வழுக்கி விழுந்திருந்தாலும்
அது என் அம்மா, என் சாலை.
ஆனால் ஆறு வருடமாக
தலைக்குள் ஓடிய படத்தில்
பாலமே இருந்ததில்லை.
காகிதத்தில்தான் வந்தது.

அன்று விடியுமுன் பத்து அங்குலம் பெய்தது.
மில் தெரு. பச்சை வீடு.
கை தானாகவே நெம்புகோலுக்குப் போயிற்று.
கொழுவைத் தூக்கினேன்.
மன்னித்தேன் என்றெல்லாம் இல்லை,
தூக்கினேன்.
வாசலைக் கடந்தபின் இறக்கினேன்.
பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு,
பின்னால் வந்து
பழைய வரப்பையும் வழித்துப்போட்டேன்.

எட்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து லுவெல்லா கூப்பிட்டாள்.
"ஏழாம் நம்பர் கலப்பை பழுதா?
மில் தெருவிலிருந்து ஒரு ஆள் போன்.
வாசலில் பனியே இல்லையாம்.
டிரைவருக்கு ஏதாவது ஆயிடுச்சா, வேற யாராவது ஓட்டுறாங்களான்னு
ரெண்டு தடவை கேட்டார்."

கலப்பை நல்லாத்தான் இருக்கு, என்றேன்.
"அவர்கிட்ட என்ன சொல்ல?"
அதையே சொல்லு.

ஜனவரி 17. ஹீட்டர். காபி.
மூன்றாவதாக ரெய்னோ என்று எழுதி,
உடனே அடித்தேன்.
அடித்தும் படிக்க முடிகிறது.