செவ்வாய்க்கிழமைக்குள்

ஒரு சக்கரத்துக்கு இருநூறு கூலி என்றார் பஞ்சர் கடைக்காரர்.
டயர் விலை போக என்னிடம் மிச்சம்
ஒரு ஞாயிற்றுக்கிழமை,
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர்,
எதிர்ச் சந்தில் கேட்காமல் எடுத்துவந்த
தக்காளி கிரேட் இரண்டு.

சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி
அடியில் ஒரு பலகை கொடுத்தேன்.
முன்சக்கரம் மறுப்பு சொல்லவில்லை.
ஸ்பீடோமீட்டர் ஒயரைக் கழற்றியதும்
கைக்கு வந்துவிட்டது,
முதல் வாரத் தவணை மாதிரி.

பின்சக்கரத்துக்குக் கணக்கு அதிகம்.
பிரேக் கம்பி, செயின், துருவேறிய ஸ்ப்ளிட் பின்,
எந்தப் பக்கம் இருந்ததென்று பார்க்கும் முன்பே
உருண்டோடிய புஷ்.
ஆக்ஸில் நட்டு
ராயக்கோட்டைச் செம்மண்ணைக் குடித்து இறுகியிருந்தது.
டீசல் விட்டேன்.
கெட்ட வார்த்தையும் ஒன்று விட்டேன்.
கடைசியில் ஸ்பானர் மேலேயே ஏறி நின்றேன்.
மறை கழன்றது நட்டுக்கா உனக்கா என்று
மாடியிலிருந்து கேட்டார் வீட்டுக்காரர்.
அவருக்கு இது வேடிக்கை.
எனக்கு நாளை மறுநாள் பதினொரு ஊர் வசூல்.

நிமிர்த்தி வைத்தால் டயர் நடுவில் வழுக்கை.
ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பட்டன்.
அதில் செருகிக் கிடந்தன
வேலிக்காத்தான் முள் மூன்று,
கல்குவாரிச் சில்லு,
பச்சை வளையல் துண்டு,
மாட்டு லாடத்து ஆணி ஒன்று.
எது எந்த வாசலில் ஏறியதென்று
வசூல் நோட்டில் இல்லை.

காற்றைப் பிடுங்கியும் ரிம்மை விடவில்லை டயர்.
மிதித்தேன்.
என் நாற்பத்தாறு கிலோவை
அது ஒரு எடையாகவே மதிக்கவில்லை.

அப்போதுதான் கிரேட்டைத் தேடி வந்தாள் கெம்பம்மா.
ஐந்து வாரமாக
என் வண்டிச் சத்தம் தெருவில் நுழைந்தால்
அவள் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.
இன்று வண்டி சக்கரமில்லாமல் நிற்கிறது,
வந்திருக்கிறாள்.
கிரேட் ஏன் காலியாகக் கிடந்தது என்று
நான் கேட்கவில்லை.
மண்டியில் கிலோ மூன்று ரூபாய்,
பறிக்கும் கூலி அதற்கு மேல்.

“ஏம்மா, ஏறி நிக்கணுமா?”
பதிலுக்குக் காத்திராமல் செருப்பை விட்டாள்.
குதிகாலை விளிம்பில் வைத்து
கொடிக்குக் குச்சி ஊன்றுகிற பலத்தில்
ஒரே மிதி.
டொப்பென்று விட்டது.
இருவரும் சிரித்துவிட்டோம்.
யார் யாரென்று ஞாபகம் வந்து
நிறுத்திக்கொண்டோம்.

லிவரால் நான் நெம்ப
முட்டியால் அவள் அமுக்க
சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு
பழையது வெளியே வந்தது, புதியது உள்ளே போனது.
“பார்த்து, ட்யூபைக் கடிச்சிடப் போகுது.”
“கடன்காரி கையி, கடிக்காது.”
கீழே விழுந்த வாசர் மாதிரி
அந்தச் சொல்லை
இருவருமே குனிந்து எடுக்கவில்லை.

பம்ப் அடிக்க அடிக்க
விளிம்பு இரண்டு தடவை வெடித்து உட்கார்ந்தது.
ஜெயித்த மாதிரி இருந்தது.
கை கழுவும்போது அவள்தான் பார்த்தாள்.
“இந்த அம்பு ஏன் பின்னாடி காட்டுது?”

திசை மாற்றி மாட்டியிருந்தோம்.

மறுபடி காற்றைப் பிடுங்கினேன்.
மறுபடி ஏறி நின்றாள்.

இருட்டுகிற நேரத்தில்
புஷ் அவள் கிரேட்டுக்கு அடியில் கிடைத்தது.
செயினை இழுத்துப் பிடித்து நட்டை முடுக்கி
கையால் ஒரு சுற்று விட்டேன்.
புது ரப்பரின் சின்னச் சின்ன முடிகள்
ஒன்றாய்ச் சேர்ந்து மங்கலாயின.
நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்தோம்.

கிரேட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
வாசல் தாண்டியவள் திரும்பாமல் கேட்டாள்:
“செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வருவே?”

கட்டுவதற்கா, கதவு சாத்துவதற்கா
என்று கேட்டிருக்கலாம்.
“எட்டரைக்கு” என்றேன்.
எப்போதும் போகிற நேரம் அதுதான்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் சொன்னார்,
புது டயர் கொஞ்ச நாளைக்கு வழுக்கும்,
மெதுவாகப் போ என்று.