எடை சரி

அருவங்காடு, 1916

வாசலில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.
தீப்பெட்டி, பித்தளைப் பொத்தான்,
அரைஞாணில் கோத்த தாயத்து.
போர்மேன் டினீன் துரையும் அப்படித்தான்.
ஜெபமாலையைக் காவல்கார புட்டன் கையில் கொடுப்பார்,
சாயங்காலம் எண்ணி வாங்குவார்,
மணி ஏதும் குறைந்துவிடுமோ என்பது போல.

உள்ளே கார்டைட்.
சேவை பிழிந்து காயப்போட்ட மாதிரி
வெல்லப்பாகு நிறத்தில், இழை இழையாய்.
ஞாயிறு ஓய்ந்து திங்கள் திரும்பினால்
அந்த வாடை மண்டையைப் பிளக்கும்.
துரைக்கும் பிளக்கும். அதில் மட்டும் நாங்கள் சமம்.

நான் தராசுக்காரன்.
பெட்டி எண், எடை, தேதி. அவ்வளவுதான் என் எழுத்து.

ஜூன் மழையில் டப்ளின் கடிதம் வந்தது.
தம்பி கொலும். பதினேழு வயது. ரொட்டிக்கடை வேலை.
ஈஸ்டர் வாரத்தில், ஆற்றுப்பாலத்தருகே
என்பது வரை இருந்தது.
அடுத்த வரியைத் தணிக்கைக்காரன் கத்தரித்திருந்தான்.
ரொட்டி கொண்டுபோனானா, துப்பாக்கியா,
சுட்டது எந்தப் பட்டாளம்,
எல்லாம் அந்த ஓட்டையில் போயிற்று.
கடிதத்தைத் தூக்கி அதன் வழியே பார்த்தார்.
கேத்திப் பக்கத்து மேகம்தான் தெரிந்தது.

"சுட்டது உங்க ஆளுங்கதானே துரை" என்றேன், புரியாமல்.
இல்லை என்று தலையசைத்தார்.
கொஞ்சம் பொறுத்து, ஆமாம் என்றும்.

"இதெல்லாம் எங்கே போகிறது?"
பெட்டியைத் தட்டிக் கேட்டார்.
மேட்டுப்பாளையம் வரை, என்றேன்.
அதற்கு அப்பால் என் பேரேட்டில் கட்டம் இல்லை.

மறுநாளும் வேலைக்கு வந்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம்.
அன்றிலிருந்து தினம் ஒரு பெட்டி குறைந்தது,
ஓர் இழை கனம்.
போகும்போது தடவிப் பார்ப்பது எங்களைத்தான்.

ஒரு ராத்திரி, குவார்ட்டர்ஸ் பின்னால், சீகை மரங்களுக்குள்
இழையை மண்ணில் நட்டுக் கொளுத்தினார்.
அடைத்தால்தான் அது வெடிக்கும்.
வெளியில் சும்மா எரியும்,
மஞ்சளாய், ஒரு மூச்சு நேரம்.
சத்தமே இல்லை.
அணைந்ததும் மாலையில் ஒரு மணி தள்ளினார்.

ஐம்பத்து மூன்று மணி. ஐம்பத்து மூன்று பெட்டி.
ஒவ்வொன்றுக்கும் எழுதினேன்: எடை சரி.

புரட்டாசியில் கணக்குப் பார்க்க வந்தவர்
மறுபடி நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.
மலைச் சரக்கு அய்யா, என்றேன்,
காயக் காய இளைக்கும்.