உறுப்பினர் எண்

பையை வெளியே வைக்க வேண்டும்.
பித்தளை டோக்கன். தொலைத்தால் நூறு ரூபாய்.
வெளியாருக்கு ஒருநாள் சீட்டு,
உட்கார்ந்து படிக்கலாம், எடுத்துப் போக முடியாது.
நகல் இருபது பக்கம்.
பதினோரு வருடமாக இதை
மராத்தியிலும் இந்தியிலும் சொல்லிச் சொல்லி
என் தமிழுக்கும் உட்பிரிவுகள் முளைத்துவிட்டன.

மாடத்தி வந்த அன்று
ஹார்பர் லைன் தண்டவாளத்தில் தண்ணீர்.
மஸ்ஜித் பந்தரில் இறங்கி
சட்ட நூலகம் வரை நடந்திருக்கிறாள்.
பிளாஸ்டிக் உறைக்குள் மாநகராட்சி நோட்டீஸ்,
அதன் முதுகில் வக்கீல் குமாஸ்தா கிறுக்கிய
ஒரு தொகுதி எண், ஒரு பக்க எண்.
"எத்தனை நாள் தவணை குடுக்கணும்னு
இதுலதான் இருக்காம்லா?"

அலமாரியில் அந்த இடத்தில்
பக்கத்துத் தொகுதி சரிந்து கிடந்தது.
எடுத்தவர் பேராசிரியர் கர்ணிக்,
போன வருட மழைக்கு முன்.
ஆசிரியர்களுக்கும் தவணை உண்டு,
அபராதம்தான் கிடையாது.
நான் அனுப்பிய நினைவூட்டல் ஒன்பது.

முன்பதிவுப் படிவம் கொடுத்தேன்.
கொடுக்கக் கூடாது.
பெயர் எழுதினாள்.
உறுப்பினர் எண் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பிறகு
வீட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்டால்
அவர்கள் எழுதிவிட்டுப் போன எண்ணை எழுதினாள்:
ஓர் ஆங்கில எழுத்து, சாய்கோடு,
நானூற்றுப் பதினேழு.

கணினி ஏற்கவில்லை. இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.
டோக்கனை மேசைமேல் வைத்துவிட்டு
"எப்ப வரும்?" என்றாள்.

பத்தாவது கடிதத்தைக் கையால் எழுதுகிறேன்.
இந்நூலுக்கு வேறோர் உறுப்பினர் காத்திருக்கிறார்
என்று அச்சடித்த வரிக்குக் கீழே
எண் கேட்கிறது.
போடுகிறேன்,
சாய்கோட்டோடு.